ஆவாரை பூத்திருச்சு

காலையில வாசல் கூட்டும்போதுதான் பார்த்தேன். மதில் ஓரத்து ஆவாரையில முதல் கொத்து, பளிச்சுன்னு மஞ்சளா.

காசு கொடுத்து வாங்கிவந்த மூணு ரோஜாவும் போன கோடையில கருகிப்போச்சு. ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தியும்.

அப்போ தாராபுரத்துல இருந்து வந்த அம்மாயி (அம்மாவோட அம்மா) சொன்னாங்க: "மானாவாரியா நிக்கறதை வெச்சுப் பாரு சாமி."

கொரங்காட்டு (ஆடு மாடு மேயற மேய்ச்சல் காடு) ஓரத்துல பறிச்ச ஆவாரை நெத்தும் அவங்க கொடுத்ததுதான். விதைத்தோல் கெட்டி. வெந்நீர்ல ஒரு ராத்திரி ஊறவெச்சு ஊன்றினேன். வேர் பிடிக்கற வரைக்கும்தான் தண்ணி.

கிட்டப் போய் இலையைத் திருப்பினா, இலை நிறத்துலயே ஒரு பச்சைப் புழு. ஓரத்தைக் கடிச்சுக்கிட்டு இருக்கு. பக்கத்து வீட்டு அக்கா "மருந்து அடிக்கலையா?"ன்னு கேட்டாங்க.

"அது வண்ணத்துப்பூச்சியோட குழந்தை அக்கா, தின்னுட்டுப் போகட்டும். இலை மறுபடி துளிர்க்கும்"னேன்.

புதுசா செடி வைக்கறவங்க நொச்சிக் குச்சி ஒண்ணு, கணுவோட பிரண்டைத் துண்டு ஒண்ணு ஊன்றிப் பாருங்க. பிரண்டைத் தொட்டியில மட்டும் தண்ணி தேங்கக்கூடாது, அழுகிடும்.

பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டு வாசல்ல காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ. ஒரு காலத்துல இட்டேரியில (ரெண்டு பக்கமும் வேலி இருக்கற காட்டுத் தடம்) ஒடிச்சதை இப்போ சந்தையில கட்டு கட்டா வாங்கறோம். காடெல்லாம் சைட் போட்டாச்சு. எனக்கு அது உறுத்திக்கிட்டே இருக்கும்.

இந்த வருஷம் ஆவாரம்பூ நம்ம வாசல்ல இருந்தே.

போன்ல சொன்னேன். அம்மாயி சிரிச்சாங்க.

"பூளைச்செடி முளைச்சா களைன்னு புடுங்கிப் போடாத கண்ணு."