அக்கியும் பனிக்கண்டமும்

மாங்குளத்துக்கு அப்பால் ஒரு சிறிய வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் நான் வேலை செய்த காலம். அரிவி வெட்டு நெருங்கியிருந்தது. விலாவின் ஒரு பக்கம் முழுக்கக் கொப்புளங்களோடு ஒரு ஐயா வந்தார். அக்கி.

"ரெண்டு மாசமா வயற்கொட்டிலிலைதான் தங்கச்சி. யானை இறங்கினா எல்லாம் போச்சு. நித்திரை எங்கை?"

இரத்தத்தில் சீனியும், நோயை எதிர்க்கும் வெண்குழியங்களின் எண்ணிக்கையும் பார்த்தேன். இரண்டும் சரியாகவே இருந்தன. ஆனால் எண்ணிக்கை, குழியம் எத்தனை என்று சொல்லுமே தவிர அது வேலை செய்கிறதா என்று சொல்லாது.

அப்போது அந்தாட்டிக்காவின் கொன்கோர்டியா நிலையத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். கடல் மட்டத்திலிருந்து 3,200 மீற்றருக்கு மேல், பிரான்சும் இத்தாலியும் நடத்துவது. குளிர்காலத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று பேர்தான். ஏறக்குறைய ஒன்பது மாதம் யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது. அதில் மூன்று மாதத்துக்கு மேல் சூரியனே இல்லை. விண்வெளிக்குப் போகிறவர்கள் கொஞ்சப் பேர்தானே, அவர்களை மட்டும் வைத்து எவ்வளவு படிக்கலாம்? அதனால் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அங்கே ஒரு வைத்தியரை அனுப்பி, தங்கியிருப்பவர்களின் இரத்தத்தையும் எச்சிலையும் சேகரிக்கிறது. எடையின்மையும் விண்வெளிக் கதிர்வீச்சும் அங்கே இல்லை. எனக்கு அதுதான் பெரிய வசதியாகப் படுகிறது: அடைபட்டிருப்பதும் நித்திரை குழம்புவதும் காற்றில் ஒட்சிசன் குறைவதும் உடம்பை என்ன செய்கின்றன என்று பிரித்துப் பார்க்கலாம்.

சின்ன வயதில் கொப்பளிப்பான் வந்து மாறினாலும் அந்த வைரஸ் போய்விடுவதில்லை. நரம்புக் கணுக்களில் உறங்கும். உடம்பின் நோயெதிர்ப்புக் காவல் தளர்ந்தால் அக்கியாக எழும்பும். நோய் அறிகுறியே இல்லாத விண்வெளி வீரர்களின் எச்சிலிலும் அதே வைரஸைக் கண்டிருக்கிறார்கள். இன்னொன்று: 17 கிழமை வெளியார் எவரையும் காணாத ஓர் அந்தாட்டிக்கா முகாமில், பன்னிரண்டு பேரில் ஆறு பேருக்குத் தடிமன் வந்ததாக 1973இல் எழுதியிருக்கிறார்கள். யார் கொண்டுவந்து கொடுத்தது?

ஐயாவுக்கு வந்ததற்கு வயதே காரணமாக இருக்கலாம். அறுபதைத் தாண்டினால் அக்கி புதினமில்லை. அவருடைய கொட்டிலைக் கொன்கோர்டியா ஆக்க எனக்கு விருப்பமுமில்லை. ஆனாலும் முடிவுத் துண்டின் மூலையில் பென்சிலால் எழுதினேன்: 'இரண்டு மாதம் தனியே வயற்காவல், நித்திரை இல்லை.'

"இது எந்த டெஸ்ட் மிஸ்?" என்று டொக்டர் சிரித்தார். அப்புறம் ஐயாவிடம் திரும்பி, காவலுக்கு மாற்றாள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்கத் தொடங்கினார்.