255 மணிக்கு ஓடும் மோட்டார்

பம்ப்செட் டைமர் பெட்டிக்கு ஒரே ஒரு நற்குணம் இருந்தால் போதும்: நேற்றுச் சொன்னதை இன்றும் மறக்காமல் இருக்க வேண்டும். வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் முள்ளுக் கத்திரிக்காய் பயிரிடும் என் மாமாவின் பெட்டிக்கு அந்தக் குணம்தான் வாய்க்கவில்லை. சொட்டுநீருக்கு 40 நிமிடம் என்று பொத்தானை அமுக்கிவிட்டு வந்தால், மின்சாரம் போய்த் திரும்பியதும் அது தன் இஷ்டத்துக்கு ஓர் எண்ணைக் காட்டி, அதன்படியே ஓடி, பாத்தியெல்லாம் சேறாக்கிவிடும். மாமா கண் திருஷ்டி என்று முடிவு செய்து பெட்டியின் மேல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். குணமில்லாததால், அதைச் செய்துகொடுத்த கடைக்காரரிடம் எடுத்துப் போய்ச் சிப்பை மாற்றி வந்தார்.

அன்றைக்கே என்னைத் தொலைபேசியில் பிடித்தார்.

"இன்னா மாப்ள, மோட்டார் 255 மணி 255 நிமிஷத்துக்கு ஓடும்னு காட்டுது. நம்ம ஊர்ல 24 மணிதானே கீது?"

பெட்டிக்குள் இருந்தது ஏடிமெகா328பி என்னும் கட்டுப்பாட்டுச் சிப். நிரல் இருப்பது 32 கிலோபைட் ஃப்ளாஷ் நினைவகத்தில். பயன்படுத்துபவர் மாற்றும் நேரம், நிமிடம் முதலியவற்றுக்கென்று 1024 பைட் ஈஈப்ராம் என்ற இன்னொரு நினைவகம் தனியாக உண்டு. மின்சாரம் போனாலும் அதில் எழுதியது அழியாது. எதுவும் எழுதப்படாத ஈஈப்ராமில் ஒவ்வொரு பிட்டும் 1 ஆகவே இருக்கும் என்பதால், அதைப் பைட்டாகப் படித்தால் 255 என்று வரும். "காலியா இருந்தா சைபர்தானே வரணும்?" என்று மாமா கேட்டது நியாயமான கேள்வி. அந்த நிரலும் அதையே நம்பியிருந்தது போலும். படித்த எண் பொருந்துமா என்று பார்க்காமல் அப்படியே திரையில் போட்டுவிட்டது.

கடைக்காரரிடம் மூல நிரலைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் பழைய சிப்பின் கதை விளங்கியது. மின்சாரம் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், மீதமுள்ள நிமிடத்தை நொடிக்கு ஒருமுறை ஈஈப்ராமின் ஒரே இடத்தில் எழுதியிருந்தார்கள். 37 நிமிடம் மீதம் என்றால், அந்த 37-ஐயே அறுபது முறை அழித்து அறுபது முறை எழுதும். ஓர் இடத்தை 1,00,000 முறை எழுதலாம் என்பதே தயாரிப்பாளர் தரும் உறுதி. நொடிக்கொன்று என்றால் மோட்டார் மொத்தம் 28 மணி நேரம் ஓடுவதற்குள் அந்தக் கணக்கு தீர்ந்து, எழுதியது அங்கே ஒழுங்காக நிற்கும் என்ற உறுதியும் போய்விடும். அதற்கு மேல் சிப் ஓடியதெல்லாம் அதன் பெருந்தன்மை என்றுதான் சொல்ல வேண்டும்.

நிரலைத் திருத்துவதில் பெரிய வித்தை இல்லை. எண் மாறியிருந்தால் மட்டுமே எழுதும் 'அப்டேட்' கட்டளையை, கண்ணை மூடிக்கொண்டு எழுதும் 'ரைட்' கட்டளையின் இடத்தில் வைத்தேன். மீதி நேரத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, நூறு இடங்களில் சுற்றிச் சுற்றி எழுத வைத்தேன். மோட்டார் நிற்காமல் ஓடினாலும் சுமார் 95 ஆண்டு தாங்கும். அமைப்புகளின் தலையில் ஓர் அடையாள எண், வாலில் ஒரு செக்சம், அதாவது எழுதியது சிதையாமல் இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண். இரண்டில் ஒன்று ஒத்துவராவிட்டாலும் நிரலில் உள்ள இயல்பு மதிப்புகள் வந்துவிடும். 120 நிமிடத்துக்கு மேல் யார் சொன்னாலும் பெட்டி கேட்காது. எழுதிய தகவல் 25 டிகிரி வெப்பத்தில் 100 ஆண்டு நிற்கும் என்று தகவல் தாளில் போட்டிருக்கிறார்கள். கத்திரி வெயிலில் வேலூர் மாவட்டத்துத் தகரக் கொட்டகைக்குள் 25 டிகிரியை எங்கே போய்த் தேடுவது என்று அதில் இல்லை. நல்லவேளையாக, 85 டிகிரியில் 20 ஆண்டு என்றும் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் மாமாவிடமிருந்து அழைப்பு வந்தது. 40 என்று வைத்தது 25 ஆகிவிடுகிறதாம். போய்ப் பார்த்தால் அடையாள எண், செக்சம் எல்லாம் சரியாகவே இருந்தன. சிப் சொன்னதைச் சொன்னபடி வைத்திருந்தது. நான் நிரலை வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்க, மோர் கொண்டுவந்த அத்தை சர்வ சாதாரணமாகப் பொத்தானை நாலு அமுக்கு அமுக்கி, ஓகே கொடுத்துவிட்டு, "உங்க மாமா பேச்சக் கேட்டா வேரெல்லாம் அழுகிப்பூடும் கண்ணு" என்றார்.

பயன்படுத்துபவர் மாற்றும் அமைப்பு என்று எழுதுகிறவர்கள், அந்தப் பயன்படுத்துபவர் ஒருவர்தான் என்று எப்படி நினைத்துக்கொள்கிறார்களோ தெரியவில்லை. மாமாவின் வற்புறுத்தலால் நாலு இலக்கக் கடவுச்சொல் ஒன்றையும் சேர்த்து, அதற்கு ஈஈப்ராமில் இரண்டு பைட் ஒதுக்கினேன். சிப்புக்கு மறக்காது, தனக்கு மறந்துவிடும் என்று மாமா அந்த எண்ணைக் கொட்டகைச் சுவரில், பெட்டிக்கு நேர் மேலே, கரியால் பெரிதாக எழுதிவைத்திருக்கிறார். இப்போதும் மோட்டார் 25 நிமிடம்தான் ஓடுகிறது.