புள்ளி வச்சது யாரு?

எங்க பயாப்சி லேபுல ஸ்லைடு ஸ்கேனர் வந்து ரெண்டு மாசம் ஆவுது. ஊரு பாளையங்கோட்டை, லேப் பேரு வேண்டாம், பொழப்பு முக்கியம்லா. திசு ஒட்டுன கண்ணாடிய, அதான் ஸ்லைடு, ட்ரேல சொருகுனா அதுவே துண்டு துண்டா படம் புடிச்சு ஒட்டி மானிட்டர்ல காட்டிரும், இனி கழுத்தொடிய மைக்ராஸ்கோப்புல குனிய வேண்டாம்னுதான் வாங்குனாவ.

போன வாரம் ஒரு கொழுப்புக் கட்டி கேஸு, மதுரைல ஒரு டாக்டர்ட்ட ஒப்பீனியன் கேக்கணும்னு எங்க டாக்டர் மேடம் அஞ்சு ஸ்லைடு குடுத்துட்டுப் போனாவ. ஸ்கேன் பண்ணுனா எல்லாம் மார்கழிப் பனி மாதிரி இருக்கு. கம்பெனிக்காரருக்கு போன் போட்டா வழக்கமான மந்திரம்தான், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. பண்ணியாச்சு. லென்சு தொடைச்சாச்சு. டேபிள் அதிருதோன்னு ஃபேன ஆஃப் பண்ணிட்டு நாலு பேரும் இந்த வெயில்ல அவிஞ்சு கெடந்ததுதான் மிச்சம். செக்ஷன், அதான் திசுவ சீவுன சீவல், தடிமனா இருக்குமோன்னு நான் வாய விட்டுட்டேன், திசு சீவுற மெஷினு மைக்ரோடோம்ல உக்காந்திருந்த அக்கா திரும்பி "ஏட்டி, நாலு மைக்ரான்ல வெட்டிக் குடுத்தா தடிமனாமா, ஒன் நாக்குதான் தடிமன்"னாங்க.

டீ குடிச்சிட்டு வந்த சீனியர் அண்ணாச்சி மானிட்டர ஒரு நிமிசம் பாத்தாரு. "எல்லாம் மங்கல், இந்தக் கருப்புப் புள்ளி மட்டும் எப்படி பளிச்சுன்னு இருக்கு?"

அட ஆமா! மேடம் திசுவ மூடியிருக்க மெல்லிசு கண்ணாடி, அந்தக் கவர் ஸ்லிப் மேல மார்க்கர்ல புள்ளி வச்சிருக்காவ. கொழுப்புத் திசு சாயத்துல வெளுத்துத்தான் தெரியும், மெஷினு கருப்பா இருக்கத திசுன்னு நெனச்சு அதுல போயி ஃபோகஸ் பண்ணியிருக்கு, திசு கெடக்கது அதுக்குக் கீழ, கவர் ஸ்லிப் தடிமன் 0.17 மில்லிமீட்டர்தான், நமக்கு அது ஒண்ணுமில்ல, லென்சுக்கு அது மாடிக்கும் தரைக்கும் உள்ள தூரம்.

புள்ளிய அழிக்க சைலீன எடுக்கப் போனேன், அண்ணாச்சி கைய தட்டிவிட்டாரு, அது பசையையும் கரைச்சு கவர் ஸ்லிப்பே கழண்டு வந்துரும்லா. பஞ்சுல ஸ்பிரிட்ட தொட்டுத் தொடைச்சு மறுபடி போட்டா ஒவ்வொரு செல்லும் எண்ணலாம் போல வந்துச்சு. ஃபேனும் ஓடுச்சு.

சாயங்காலம் மேடம் வந்து ஸ்லைட தூக்கி லைட்டுல பாத்தாவ. "மதுரைக்காரரு பாக்க வேண்டிய எடத்துக்குத்தானே புள்ளி வச்சேன், யாரு அழிச்சது?"

நானும் அக்காவும் ஒரே நேரத்துல ரேக்க தொடைக்க ஆரம்பிச்சிட்டோம்.

அண்ணாச்சிதான் மவுச நகத்தி மேடம் பக்கமா வச்சாரு. "இனிமே கோலத்த இதுல போடுங்க மேடம், கண்ணாடில வேண்டாம்."