அண்ணாவின் எண்ணுக்குப் போன குறியீடு

அம்மாவின் கூகுள் கணக்கில், கடவுச்சொல்லுக்குப் பிறகு ஒரு குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை அமைத்துக் கொடுத்தவர் ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா. அமைக்கும்போது தன்னுடைய கனேடிய எண்ணையே கொடுத்துவிட்டார். ஆகையால் கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் அம்மா புதுக் கைத்தொலைபேசியில் கணக்கைத் திறக்க முயன்ற ஒவ்வொரு முறையும் குறியீட்டுக் குறுஞ்செய்தி அண்ணாவிடமே போனது. கோடையில் இரு நகரங்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். இங்கே காலை பத்து மணி என்றால் அங்கே நள்ளிரவு கடந்து அரை மணி. நித்திரையில் இருக்கும் பிள்ளையை எழுப்ப மனமில்லாத அம்மா, "உதை நிற்பாட்டி விடு" என்று என்னிடம் சொன்னார்.

கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் அதற்கான இடத்தை உடனே கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் அந்தப் பக்கம் திறப்பதற்கு முன் கடவுச்சொல்லையும், அதன்பின் எதை நிறுத்த வந்தேனோ அதே குறியீட்டையும் கேட்டது. எரிச்சலாக இருந்தாலும், கடவுச்சொல்லைத் திருடியவனும் இதே வழியால்தானே வருவான் என்று நினைத்தபோது குறை சொல்ல முடியவில்லை.

இரவு எட்டு மணிக்கு, அங்கே முற்பகல் பத்தரைக்கு, வட்ஸ்அப்பில் அண்ணாவை அழைத்தேன். அவர் வாசித்த ஆறு இலக்கங்களை நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதினேன். கடைசி இலக்கத்தில் இணைப்பு விட்டுவிட்டு வந்ததால் "ஒன்பது" எனக்கு "ஒன்று" என்று கேட்டது. குறியீடு பிழை என்று வந்தது.

"அண்ணா, கடைசியைத் திருப்பிச் சொல்லுங்கோ."

"ஒன்பதடி, ஒன்பது!"

அதன்பின் ஒரே சொடுக்கில் சரிபார்ப்பு நின்றது. ஆனால் மீட்புக்கான தொலைபேசி எண் என்ற தனி இடத்தில் அண்ணாவின் எண் அப்படியே இருந்ததைத் தற்செயலாகத்தான் கண்டேன். சரிபார்ப்புக் குறியீடு வரும் எண் வேறு, கணக்கு கைவிட்டுப் போனால் மீட்க உதவும் இந்த எண் வேறு. அங்கே அம்மாவின் எண்ணைப் போட்டேன்.

உண்மையில் நிறுத்தவே தேவையில்லை, எண்ணை மாற்றியிருந்தாலே போதும் என்பது அப்போதுதான் உறைத்தது. வெறும் கடவுச்சொல்லோடு கணக்கை விட விருப்பமில்லாமல், அன்றிரவே அம்மாவின் கைத்தொலைபேசியில் ஓதென்டிகேட்டர் செயலியை நிறுவிச் சரிபார்ப்பை மீண்டும் இயக்கினேன். முப்பது வினாடிக்கு ஒருமுறை மாறும் அதன் இலக்கங்களுக்குச் சிம்மும் வேண்டாம், இணையமும் வேண்டாம். கைத்தொலைபேசி கையில் இல்லாதபோது பயன்படும், எட்டு இலக்கங்கள் கொண்ட பத்து மாற்றுக் குறியீடுகளையும் கையால் எழுதி, காணி உறுதி இருக்கும் கோப்பில் வைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன்.