காரைக்குடி வெயிலில் விறைத்துப்போகும் எலிகள்

சித்திரை வெயிலில் காரைக்குடித் தெருவில் நடந்து ஆய்வகத்துக்குள் நுழையும் மாணவரிடம், எலி குளிரில் சாகும் என்றால் லேசில் நம்பமாட்டார். ஆனால் எலி இருப்பது வெயிலில் அல்ல, 22 டிகிரி ஏசி அறையில். அறுவைக்காகக் கொடுக்கும் மயக்க மருந்து ஏறியதும் உடம்பு சூட்டைக் காத்துக்கொள்ளும் திறனை இழக்கிறது. ரோமத்தை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, கிரானைட் மேடையில் கிடத்துகிறோம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை நடுப்பகலிலும் பாதத்தின் சூட்டை உறிஞ்சுமே, அதே வேலையை மேடையும் செய்கிறது. 25 கிராம் சுண்டெலிக்குக் கால் மணி நேரத்துக்குள் சில டிகிரி இறங்கிவிடும்.

பக்கவாத ஆய்வில் இது உயிரை மட்டுமல்ல, முடிவையும் கெடுக்கும். பக்கவாதத்தைச் செயற்கையாக உண்டாக்க, 250 முதல் 300 கிராம் எலியின் கழுத்தைத் திறந்து, தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியின் வெளிக்கிளையின் அடிக்கட்டை வழியாக சிலிக்கோன் பூசிய நைலான் இழையை மூளைக்குப் போகும் உட்கிளையான உட்கரோட்டிட் தமனிக்குள் செலுத்துவார்கள். கரோட்டிட் பிரியும் இடத்திலிருந்து 18 முதல் 20 மில்லிமீட்டர் போனதும் கைக்கு லேசான தடை தெரியும். நடு மூளைத் தமனியின் வாய் அடைபட்டுவிட்டது. 10 மில்லிமீட்டரிலேயே தடை தட்டினால் இழை அண்ணம் நோக்கிப் போகும் கிளைக்குள் நுழைந்திருக்கும். பின்னிழுத்துத் திசை மாற்ற வேண்டும். 20-ஐத் தாண்டித் தள்ளினால் ரத்தக்குழாய் கிழிந்து மூளையைச் சுற்றி ரத்தம் கசியலாம். இவ்வளவும் சரியாக அமைந்து, உடம்பு மட்டும் குளிர்ந்திருந்தால்? குளிர் மூளையைக் காக்கும், சேதம் சிறுக்கும். சோதனை மருந்து கொடுத்த எலிகள் மட்டும் குளிர்ந்திருந்தால், பயனற்ற மருந்துகூட வேலை செய்ததாகத் தோன்றும். அதனால் ஆசனவாயில் வெப்பமானி வைத்து, உடம்பு 37 டிகிரியில் நிற்கும்படி ஹீட்டிங் பேடை ஓட்டி, ஒவ்வொரு எலிக்கும் அளவைக் குறித்துவைப்பதை நான் கட்டாயம் என்பேன். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறும்போது சில ஹீட்டிங் பேடுகள் அணைந்தபடியே நிற்கும். தொட்டுப் பார்க்க வேண்டும்.

மயக்க மருந்துத் தேர்வும் சாதாரண விஷயமில்லை. கேட்டமினோடு சேர்த்துப் போடும் சைலசின் ரத்தச் சர்க்கரையை ஏற்றும்; சர்க்கரை ஏறினால் மூளைச் சேதம் பெருகும். மூச்சில் கொடுக்கும் ஐசோஃப்ளூரேன் மூளையைக் கொஞ்சம் காக்கும். எதைப் பயன்படுத்தினாலும் எல்லாக் குழுவுக்கும் ஒரே மயக்க மருந்து, ஒரே நேர அளவு.

கிருமித்தொற்றால் உடம்பின் உறுப்புகள் கெடும் செப்சிஸை உண்டாக்கும் மாதிரியில் சுண்டெலியின் வயிற்றைத் திறந்து, பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பையான சீக்கத்தைப் பட்டுநூலால் கட்டி ஊசியால் துளைப்பார்கள். கட்டு சிறுகுடல் சேரும் வால்வுக்குக் கீழே விழ வேண்டும். வால்வையே அடைத்தால் அது செப்சிஸ் அல்ல, குடலடைப்பு. கட்டும் நீளமும் ஊசியின் தடிமனும் கூடினால் சாவும் கூடும். தோலுக்கடியில் வெதுவெதுப்பான சலைன் (உப்புநீர்) 1 மில்லி போகட்டும்.

விழிக்கும் கூண்டில் வழக்கமான நெல் உமி வேண்டாம். மயக்கத்தில் அது மூக்கிலும் தையலிலும் ஒட்டும். டிஷ்யூ பேப்பர் போதும். கூண்டில் பாதியை மட்டும் சூடாக்கினால் விழித்தபின் எலி தானே நகர்ந்துகொள்ளும். பியூப்ரினார்ஃபின் போன்ற வலிமருந்தை விட்டுவிடுவது கொடுமை. வலியோடு கிடக்கும் எலி தின்னாது, அளவுகளும் கோணலாகும். எந்த நிலையில் கருணைக்கொலை என்பதை நெறிமுறைக் குழு விண்ணப்பத்திலேயே எழுதி, கூண்டருகே ஒட்டிவைக்க வேண்டும். இரவுப் பணியில் இருப்பவர் யாரையும் கேட்காமல் முடிவெடுக்க அது போதும்.