மார்கழியில் கனடா

கனடாவுக்குப் போவதென்றால் ஆடி, ஆவணியில் போங்கள், மார்கழியில் போய் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்காதீர்கள் என்றுதான் யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் புத்தி சொன்ன அனைவரும் சொன்னார்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் இருக்கும் என் தங்கை மட்டும் வேறு கணக்குப் போட்டாள். கோடையில் வந்தால் ஒவ்வொரு சனி, ஞாயிறும் ஒரு கல்யாணம், ஒரு சாமத்திய வீடு, அதுவும் இல்லாவிட்டால் ஒரு கோயில் தேர். எங்களை மண்டபத்தில் இருத்திவிட்டு அவர்கள் பந்தி பார்க்கப் போய்விடுவார்கள். நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடைப்பட்ட அந்த ஒரு வாரத்தில்தான் பலருக்கும் வேலை ஓய்ந்து, எல்லோரையும் ஒன்றாக வீட்டில் பிடிக்கலாம் என்றாள். ஆட்களைப் பார்க்கத்தானே போகிறோம் என்று நானும் மனைவியும் மார்கழி நடுப்பகுதியில் புறப்பட்டோம்.

கொழும்பிலிருந்து துபாய், அங்கிருந்து மேலும் ஏறத்தாழ 14 மணி நேரம். ரொறன்ரோவுக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம் என்பதால் முதல் வாரம் முழுவதும் அதிகாலை இரண்டு மணிக்கே விழித்துக்கொண்டு குசினியில் குந்தியிருந்தோம். அதிலும் ஒரு நன்மை இருந்தது. இரவு வேலை முடித்து வரும் தங்கையின் கணவர், ஆண்டுக்கணக்காகத் தனியே குடித்த தேநீரை அந்த நாட்களில் எங்களோடு குடித்தார். தொலைபேசியில் இரண்டு சொல்லுக்கு மேல் பேசாத அந்த மனிதருக்கு இவ்வளவு கதை இருந்தது எங்களுக்குத் தெரியாது.

குளிரைப் பற்றிப் பயமுறுத்தியவர்கள் ஒருவரும் இருட்டைப் பற்றிச் சொல்லவில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்து, விளக்கு வைக்கும் நேரம் என்ற ஒன்றே இல்லாமல் இரவாகிவிடுகிறது. வீட்டுக்குள் ஓடும் சூட்டுக் காற்றில் ஈரமே இல்லாததால் கதவுப் பிடியைத் தொட்டால் விரலில் மின்சாரம் சுண்டியது. இரண்டு நாள் என் மனைவி எந்தக் கதவையும் சேலைத் தலைப்பால்தான் திறந்தாள்.

நயாகராவுக்கும் கூட்டிக்கொண்டு போனார்கள். அருவி உறைந்து நிற்கும் என்று எண்ணிப் போனேன். அது உறையவில்லை, 57 மீற்றர் உயரத்திலிருந்து அதே ஆவேசத்தோடு விழுந்துகொண்டிருந்தது. அதன் தூவானம் பட்ட மரக்கிளைகளும் கம்பி வேலியும் விளக்குக் கம்பங்களும்தான் கண்ணாடிப் பூச்சுப் பூசியதுபோல் உறைந்திருந்தன. அரை மணி நேரத்துக்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

புதுவருடம் கழிந்ததும் என் பள்ளித் தோழனைப் பார்க்க மொன்றியலுக்கு ரயிலில் போனோம். ஏறத்தாழ 540 கிலோமீற்றர், ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். நாங்கள் இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவன் 1986இல் அங்கே போய்ச் சேர்ந்தான். அந்த ஆண்டு ஆவணியில்தான் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். விமானத்தில் வந்து இறங்கிய என் தோழனிடமும், நீயும் அந்தப் படகிலா வந்தாய் என்று அவன் வேலை பார்த்த உணவகத்தில் பல மாதங்கள் கேட்டார்களாம். முதலில் இல்லை என்று விளக்கிப் பார்த்தானாம். பிறகு கோப்பை கழுவுகிற கையோடு ஆமாம் என்று தலையாட்டிவிடுவானாம்.

மறுநாள் அவன் எங்களை மொன்றியல் மலைச் சரிவிலுள்ள புனித சூசையப்பர் தேவாலயத்துக்குக் கூட்டிச்சென்றான். 283 படிகள், நடுவிலுள்ள 99 மரப்படிகள் முழந்தாளில் ஏறுபவர்களுக்கென்றே விடப்பட்டவை. எதிரே இருந்த கல்லூரியில் வாயிற்காவலராக இருந்த சகோதரர் அந்திரே என்பவர் தொடங்கிவைத்த வழிபாடு அது. 1937இல் மறைந்த அவருக்கு 2010இல்தான் புனிதர் பட்டம் கிடைத்தது. உள்ளே ஒரு மண்டபத்தில் வரிசை வரிசையாக விளக்குகள் எரிய, குணமடைந்தவர்கள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள் சுவரெல்லாம் தொங்குகின்றன. ஊரில் சைவர்கள் மடு மாதா கோயிலுக்குப் போவதைப் போலவே நம்மவர்கள் இங்கேயும் சமயம் பாராமல் வருகிறார்கள். என் மனைவி செருப்பைக் கழற்றுவதற்காகக் குனிந்து, காலில் இருந்தது முழங்கால் வரை ஏறும் பூட்ஸ் என்று கண்டு, அப்படியே நிமிர்ந்து கைகூப்பினாள்.

திரும்ப வேண்டிய நாளுக்கு முதல் நாள் இரவு பனி கொட்டத் தொடங்கியது. ஒட்டாவாவிலிருந்து வந்திருந்த இன்னொரு வகுப்புத் தோழனும் போக முடியாமல் அங்கேயே தங்கிவிட்டான். நிலக்கீழ் அறையில் விடியற்காலை மூன்று மணிவரை கதைத்தோம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த கிணற்றுக்குப் போகும் ஒழுங்கை எந்த மதிலோடு திரும்பும் என்பதில் அவர்கள் இருவரும் சண்டை பிடித்தார்கள். அந்த ஒழுங்கையால் நேற்றும் இன்றும் போய்வருகிற நானோ விடை சொல்லத் தெரியாமல் முழித்தேன்.

காலையில் மூவரும் சவளோடு வாசலுக்கு இறங்கினோம். காரை வெளியே எடுக்கும் அளவுக்குப் பாதை வெட்டி முடிக்க முக்கால் மணி நேரம் சென்றது. முடித்து நிமிர்ந்தபோது தெருவில் பனி வாரும் மாநகர வாகனம் வந்தது. தெருவிலிருந்ததை எல்லாம் ஒதுக்கி, நாங்கள் துப்புரவாக்கிய வாசலுக்குக் குறுக்கே இடுப்பளவு அணையாகக் கட்டிவிட்டுப் போய்விட்டது. தோழன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சவளைப் பனியில் குத்தி நிறுத்தினான்.

"விடடா. பின்னேர ரயிலும் இருக்கு, நாளைக்கும் ரயில் இருக்கு. உள்ளுக்கு வா, தேத்தண்ணி குடிப்பம்."