சி3 இருக்கையிலிருந்து

2022 மே மாதக் கடைசி வாரம். நாடா கட்டிய ஒரு கோப்பு அட்டையை அலுவலக உதவியாளர் அம்மா என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மேலே 'சுற்றுக்கு' என்று எழுதியிருந்தது. பிரித்தால் உள்ளே பெரிய வாழ்த்து அட்டை. பதிவறையைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் ஓய்வு பெறுகிறாராம். புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளர்களின் ஏற்பாடு. அவர்கள் வருவதற்கு முன் எங்களுக்கு இந்தப் பழக்கமே கிடையாது. ஆளுக்கு இருநூறு ரூபாய் வசூல், சால்வை, மாலை, காராபூந்தி, முடிந்தது.

மே 31 வந்தால் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் மாலை வாசம்தான். அந்தக் காலத்தில் பிறந்த தேதி தெரியாத பிள்ளையை ஜூனில் பள்ளியில் சேர்க்க வந்தால், ஐந்து வயது நிறைவதுபோல் தலைமையாசிரியரே ஒரு தேதி போட்டுவிடுவார். மே 2 முதல் எந்தத் தேதியானாலும் 31 அன்று ஓய்வு. ஜூன் 1 என்றாலும் அதே நாள்தான்.

அட்டையைப் பார்த்தேன். கண்காணிப்பாளர் பழக்க தோஷத்தில் சுருக்கொப்பமிட்டுத் தேதியும் போட்டிருந்தார். ஒருவர் 'தங்கள் பணி மேலும் சிறக்க வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தார். ஓய்வு பெறுகிறவருக்கு!

சிரித்துவிட்டேனே தவிர, எனக்கும் எழுத ஒன்றும் வரவில்லை. ஆறு வருடம் ஒரே கட்டடம். நான் மாடியில், அவர் கீழே. கண்ணாடி, முழுக்கைச் சட்டை; அதற்குமேல் அடையாளம் சொல்லத் தெரியாது. உண்மையில் அவர் 2020-லேயே 58 வயதில் போயிருக்க வேண்டியவர். அந்த மே மாதம் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள், மறுவருடம் 60 ஆனது. அரசே பார்த்து இரண்டு வருடம் கூட்டிக் கொடுத்தும் நான் கீழே இறங்கி ஒரு வார்த்தை பேசியதில்லை.

எனக்குத் தெரிந்தது அவர் கையெழுத்துதான். பழைய கோப்பு வேண்டுமென்றால் துண்டுச் சீட்டில் ந.க. எண்ணும் (கோப்பின் எண்) ஆண்டும் எழுதிக் கொடுத்தனுப்புவேன். 'கிடைக்கப்பெறவில்லை' என்று ஒரு வரி எழுதித் திருப்பினால் யாரும் அவரைக் கேட்க முடியாது. அவர் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை. '2015 கட்டில் இல்லை, 2016-ல் பார்க்கிறேன்' என்று வரும். ஒரு நீதிமன்ற வழக்குக்காகக் கேட்ட கோப்பு இப்படித்தான் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது, தூசி தட்டி, நாடா மாற்றி. வராமல் போயிருந்தால் எனக்கு 17(அ) குறிப்பாணை, அதாவது ஒழுங்கு நடவடிக்கை, நிச்சயம். அப்போது நன்றி சொன்னேனா? சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அட்டையில் ஓரமாக இடம் பிடித்து, '2016 கட்டிலும் தேடியதற்கு நன்றி' என்று எழுதினேன். கீழே பெயர் போடப் போய், கை தானாக என் இருக்கையின் குறியீடான 'சி3' என்று போட்டது. அடித்து எழுதினால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

31-ஆம் தேதி மாலை விழா முடிந்து எல்லோரும் காராபூந்தித் தட்டோடு நின்றிருந்தோம். மாலையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு அவர் நேராக என்னிடம் வந்தார்.

"சி3 நீங்கதானே மேடம்?"

"ஆமா சார். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"யாருன்னு கேட்டேன், காட்டினாங்க. உங்க அஞ்சு எனக்கு ஆறு மாதிரியே தெரியும். ரெண்டு கட்டையும் பாத்துருவேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மார்ச்ல ஒண்ணு கேட்டிருந்தீங்க, அது மட்டும் நிக்குது. ஜன்னலோர ரேக்ல மேல்தட்டுதான் பாக்கி. அடுத்து வர்றவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

நான் அந்தக் கோப்பை மறந்தே போயிருந்தேன்.